காற்று தூற்றிப் பிரிக்கும் மருந்து!
பக்கத்து வயலில் அடித்த களைக்கொல்லி, பருத்திக்கு வந்தது எப்படி?

மக்காச்சோளமும் பருத்தியும் அடுத்தடுத்து நிற்கும் மானாவாரி நிலம். பெரம்பலூர் பக்கம் போனால் புரட்டாசி, ஐப்பசியில் எங்கு திரும்பினாலும் இந்தக் காட்சிதான். அப்படி ஒரு கிராமத்திலிருந்து வந்த கேள்வி இது. பருத்திச் செடியின் கொழுந்து இலைகள் அகலம் குறைந்து, விரல் விரலாக நீண்டு, வெண்டை இலை போல மாறிவிட்டன. காம்பு முறுக்கிக்கொண்டு தொங்குகிறது. முதலில் இலைப்பேன் என்று நினைத்து ஒரு மருந்து, பிறகு வைரஸ் பரப்பும் வெள்ளை ஈயாக இருக்குமோ என்று இன்னொரு மருந்து அடித்தாகிவிட்டது. எதுவும் கேட்கவில்லை. பத்து நாளுக்கு முன் 200 அடி தள்ளியிருக்கும் மக்காச்சோள வயலில் 2,4-டி களைக்கொல்லி அடித்தது அதன் பிறகுதான் நினைவுக்கு வந்திருக்கிறது. ஆனால் அடித்தவர் சத்தியம் செய்கிறார்: விடியற்காலை 6 மணி, காற்று துளியும் இல்லை, பார்த்துப் பார்த்துத்தான் அடித்தேன் என்கிறார். இருவரும் பங்காளிகள். பேச்சு வார்த்தை நின்றுபோயிருக்கிறது.

அறிகுறிகள் 2,4-டி பாதிப்புக்கு அப்படியே பொருந்துகின்றன. இந்தக் களைக்கொல்லிக்குப் பருத்தியைப் போல அஞ்சும் பயிர் குறைவு. மிகச் சிறிய அளவு பட்டாலே இலை உருமாறும். அடித்தவர் பொய் சொல்கிறார் என்றும் தோன்றவில்லை. காற்றே இல்லை என்று அவர் சொல்வதில்தான் விடை இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, நாசிலிலிருந்து மருந்து எந்த வடிவில் வெளியே வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

களத்துமேட்டுக் கணக்கு

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது நம் ஊர்ப் பழமொழி. முறத்தை உயர்த்தி நெல்லைச் சரித்தால் நல்ல மணி காலடியில் விழும். கருக்காய் நான்கடி தள்ளி விழும். பதர் அதற்கும் அப்பால் போகும். தூசி, தூற்றுகிறவரைத் தாண்டிப் பக்கத்துக் களத்துக்கே போய்விடும். எல்லாம் ஒரே முறத்திலிருந்து, ஒரே காற்றில் கிளம்பியவைதான். எடைக்கும் அளவுக்கும் ஏற்றபடி காற்று அவற்றைப் பிரித்து வைக்கிறது.

ஏரியிலும் இதே கதைதான். வரத்து வாய்க்கால் ஏரிக்குள் நுழையும் இடத்தில் மணல் தங்கும். மதகுப் பக்கம் போகப் போக நைசான வண்டல் படியும். தோட்டத்து மண்ணை ஒரு பிடி எடுத்து, கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தால் இதை வீட்டுத் திண்ணையிலேயே பார்க்கலாம். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்கார்ந்துவிடும். அதற்குமேல் பொடிமண் உட்கார மணிக்கணக்கில் ஆகும். களி, நாள் கணக்கில் கலங்கலாகவே நிற்கும். மண் பரிசோதனைக் கூடத்தில் மணல், களி விகிதம் கண்டுபிடிப்பதும் இந்த நேர வித்தியாசத்தை வைத்துத்தான்.

தெளிப்பானின் நாசில் செய்வதும் ஒரு வகைத் தூற்றல்தான். எந்த நாசிலும் ஒரே அளவுத் துளிகளைத் தராது. பொடிப்பொடியானவை முதல் மழைத்தூறல் அளவு வரை, பல அளவுத் துளிகள் கலந்த ஒரு மேகத்தைத்தான் அது துப்புகிறது. துளியின் குறுக்களவை மைக்ரானில் சொல்வார்கள். 1,000 மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமன் சுமாராக 70 முதல் 100 மைக்ரான். நாசில் கம்பெனிகள் குறிப்பிடும் துளி அளவு, நடுவளவு மட்டுமே. மொத்த மருந்தில் பாதி அதைவிடச் சிறிய துளிகளிலும், மீதிப் பாதி அதைவிடப் பெரிய துளிகளிலும் இருக்கிறது என்று அர்த்தம். பிரச்னை அந்த நடுவளவில் இல்லை. கீழ்க்கோடியில் இருக்கும் பொடித் துளிகளில் இருக்கிறது.

பாதி அளவு, கால் வேகம்

ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி 1851-ல் ஒரு கணக்கை வெளியிட்டார். அவர் ஆராய்ந்தது மருந்துத் தெளிப்பை அல்ல. ஊசல் ஆடும்போது காற்று அதை எவ்வளவு தடுக்கிறது என்பதைத்தான். அந்தக் கணக்கிலிருந்தே வானத்து மேகம் ஏன் பொத்தென்று கீழே விழுவதில்லை என்பதற்கும் விடை கிடைத்தது. சிறு துளி காற்றில் விழும் வேகம், அதன் குறுக்களவின் வர்க்கத்தைப் பொறுத்தது. அளவு பாதியானால் வேகம் கால்வாசியாகிவிடும். பத்தில் ஒரு பங்கானால் வேகம் நூறில் ஒரு பங்கு. (100 மைக்ரானைத் தாண்டிய துளிகளுக்கு இந்த விதி அப்படியே பொருந்தாது, கொஞ்சம் திருத்தம் வேண்டும்.)

இதை வயலுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். நாசில் தரையிலிருந்து 1 மீட்டர் உயரம். காற்று மணிக்கு 5 கிலோமீட்டர், அதாவது இலை லேசாக அசையும் அளவு. 400 மைக்ரான் துளி ஒரு நொடிக்குள் தரையைத் தொட்டுவிடும். ஒரு மீட்டர்கூட நகராது. 200 மைக்ரான் துளி சுமார் 2 மீட்டர் போகும். 100 மைக்ரான் துளி 5 மீட்டர். 50 மைக்ரானுக்கு வந்தால் 19 மீட்டர். 20 மைக்ரான் துளி கீழே இறங்க ஒன்றேகால் நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அதற்குள் அது 115 மீட்டர், அதாவது 375 அடிக்கு மேல் நகர்ந்திருக்கும். காற்றின் சுழலைச் சேர்க்காத வெறும் கணக்கு இது. நிஜத்தில் பொடித் துளிகள் இன்னும் தூரம் போகும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு 400 மைக்ரான் துளியில் இருக்கும் மருந்தை 20 மைக்ரான் துளிகளாக உடைத்தால் எத்தனை வரும்? 8,000. ஒரே ஒரு மில்லி மருந்துக் கரைசல் முழுவதும் 20 மைக்ரான் துளிகளாகப் பறந்தால் அவற்றின் எண்ணிக்கை சுமார் 24 கோடி. பத்து லிட்டர் டேங்கில் ஒரு மில்லி என்பது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அடிப்பவருக்கு அது இழப்பாகவே தெரியாது. பக்கத்து வயல் பருத்திக்கோ அதுவே அதிகம்.

வெயில் வேறு வேலை செய்கிறது. 30 டிகிரி வெப்பமும் 50 சதவிகித ஈரப்பதமும் இருக்கும் காற்றில் 100 மைக்ரான் நீர்த்துளி சுமார் 16 நொடியில் ஆவியாகி முடிந்துவிடும். 50 மைக்ரான் துளிக்கு 4 நொடிதான். இதிலும் அதே வர்க்கக் கணக்குதான். ஆவியாவது தண்ணீர் மட்டுமே. மருந்து, வீரியம் கூடிய நுண்தூளாகக் காற்றிலேயே நிற்கும். உச்சி வெயிலில் அடிக்காதே என்று சொல்வதற்கு ஒரு காரணம் இது. கிளம்பும்போது நடுத்தரமாக இருந்த துளி, போகிற வழியிலேயே பொடியாகிவிடுகிறது.

கம்ப்யூட்டருக்குள் ஒரு வயல்

பல அளவுத் துளிகள் கலந்த இந்த மேகம் எங்கே போய்ப் படியும் என்பதை முன்கூட்டியே கணக்கிட விஞ்ஞானிகள் பல வருடங்களாக முயன்று வருகிறார்கள். அவர்கள் செய்வதைப் புரிந்துகொள்ள பெரிய கணிதம் தேவையில்லை.

முதலில் நாசிலை லேசர் ஒளிக்கு முன்னால் இயக்கி, எந்த அளவுத் துளி எத்தனை பங்கு வருகிறது என்று அளக்கிறார்கள். அந்த விகிதத்தை எழுதிவைக்க உதவும் சூத்திரங்களில் ஒன்று, 1933-ல் அரைத்த நிலக்கரித் தூளுக்காக ரோசின், ராம்லர் ஆகியோர் உருவாக்கியது. கரித்தூளுக்குப் போட்ட கணக்கு மருந்துத் துளிக்கும் பொருந்திப்போனது ஆச்சரியம்தான். அடுத்து ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாகப் பாதை போடுகிறார்கள். புவியீர்ப்பு கீழே இழுக்கிறது, காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது, வெப்பம் துளியைச் சுருக்குகிறது. காற்று ஒரே சீராக வீசாது என்பதால், பகடை உருட்டுவது போல ஒவ்வொரு கணமும் துளிக்கு மேலோ கீழோ ஒரு சின்ன உதை கொடுக்கிறார்கள். இப்படி ஆயிரக்கணக்கான துளிகளைக் கம்ப்யூட்டருக்குள் பறக்கவிட்டு, எது எங்கே விழுந்தது என்று கூட்டிப் பார்த்தால் படிவு வரைபடம் கிடைக்கும். விமானத் தெளிப்புக்காக அமெரிக்க வனத்துறை வளர்த்தெடுத்த ‘ஏஜிடிஸ்ப்’ மென்பொருளும், அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை பயன்படுத்தும் ‘ஏஜிட்ரிஃப்ட்’ மென்பொருளும் இந்த வழியில் வந்தவை.

தனித் துளிக் கணக்கு மட்டும் போதாது என்பதும் இந்த ஆய்வுகளில் தெரிந்தது. நாசிலுக்கு அருகில் துளிகள் நெருக்கமாக இருக்கும்போது அவை தம்மோடு காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்குகின்றன. பெரிய துளிகளின் பின்னால் பொடித் துளிகளும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. கூட்டத்தோடு இருக்கும்வரை பொடித் துளிக்கும் வேகம் உண்டு. கூட்டத்தின் ஓரத்தில் இருப்பவற்றைப் பக்கக் காற்று உரித்தெடுத்துவிடும். நாசிலை உயர்த்திப் பிடித்தாலும், வேகமாக நடந்தாலும், டிராக்டரை விரட்டினாலும் இப்படி உரிபடும் துளிகள் கூடும்.

கணக்கு இருக்கட்டும், வயலில் அளந்தால் என்ன வருகிறது? ஜெர்மனியில் பல வருடங்கள் வயல்வெளிகளில் அளந்து தொகுத்த அட்டவணை ஒன்று பல நாடுகளில் இன்றும் பயன்படுகிறது. தாழ்வாகத் தெளிக்கும் வயல் பயிர்களில், அடித்த அளவில் 1 மீட்டர் தூரத்தில் அதிகபட்சமாக சுமார் 2.8 சதவிகிதம் படிகிறது. 5 மீட்டரில் 0.57 சதவிகிதம். 10 மீட்டரில் 0.29. 50 மீட்டர் தாண்டியும் 0.06 சதவிகிதம் இருக்கிறது. முதல் சில மீட்டரில் மடமடவென்று குறையும் படிவு, அதற்குப் பிறகு வால் போல நீண்டுகொண்டே போகிறது. பெரிய துளிகள் முதலில் விழுந்து தீர்ந்துவிட, மிச்சமிருக்கும் பொடித் துளிகள்தான் அந்த வால். இலை நிறைந்த பழ மரங்களுக்கு மேல்நோக்கி ஊதித் தெளிக்கும்போது 3 மீட்டரில் 15.7 சதவிகிதமும், 10 மீட்டரில் 3.6 சதவிகிதமும் படிகிறது. மாந்தோப்புக்குப் பக்கத்தில் கீரைப் பாத்தி வைத்திருப்பவர்கள் இந்த எண்ணை ஒரு தடவை நிதானமாகப் படிக்க வேண்டும்.

காற்றில்லாத விடியற்காலை

இப்போது பங்காளிகளின் விவகாரத்துக்கு வருவோம். காற்றே இல்லாதபோது அடிப்பதுதான் பாதுகாப்பு என்று பெரும்பாலானோர் நம்புகிறார்கள். அது பாதி உண்மைதான்.

மேகமில்லாத இரவில் தரை வேகமாகக் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகிவிடும். அதற்கு மேலே இருக்கும் காற்று கொஞ்சம் சூடாக இருக்கும். பகலில் இருப்பதற்கு நேர்மாறான நிலை இது. கனமான காற்று கீழேயும் லேசான காற்று மேலேயும் இருப்பதால் இரண்டும் கலக்காது. தயிருக்கு மேல் ஆடை மூடியதுபோல வயலின் மேல் ஒரு மூடி விழுந்துவிடுகிறது. அந்த நேரத்தில் மருந்து அடித்தால் பெரிய துளிகள் களையின் மேல் விழுந்துவிடும். பொடித் துளிகளோ மேலே போய்க் கலைந்துபோகவும் வழியில்லாமல், சட்டென்று கீழே இறங்கவும் முடியாமல், பனிமூட்டம் போல அப்படியே மிதக்கும். விடியற்காலைக் குளிரும் ஈரப்பதமும் அவற்றைச் சீக்கிரம் காயவிடாது. பிறகு அந்தக் குளிர்காற்று, தண்ணீரைப் போலவே பள்ளம் பார்த்து மெல்ல நகரும். இலைகூட அசையாது. நம் கன்னத்துக்கும் தெரியாது. மருந்து மூட்டம் மட்டும் மொத்தமாக, கலையாமல், தாழ்வான வயலுக்குள் இறங்கியிருக்கும்.

கேள்வி அனுப்பியவரின் பருத்தி, ஓடையை ஒட்டிய தாழ்வான பக்கத்தில் இருக்கிறது. ஓடைப் பக்கத்து வரிசைகளில்தான் பாதிப்பு அதிகம் என்றும் எழுதியிருக்கிறார். மக்காச்சோளத்தை ஒட்டிய மேட்டு வரிசைகளை விட ஓடை ஓரம் அதிகமாகப் பாதித்திருக்கிறது என்றால், காற்று அடித்துக்கொண்டு வந்ததைவிட, மூட்டம் வழிந்து இறங்கித் தேங்கியது என்பதே பொருத்தமான விளக்கம்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. வரப்பில் ஒரு கை வைக்கோலைக் கொளுத்திப் புகையைப் பார்த்தால் போதும். புகை மேலே எழும்பிக் கலைந்து மறைந்தால் அடிக்கலாம். ஆளுயரம் எழும்பி, பிறகு தட்டையாகப் படுத்துக்கொண்டு பட்டையாக நகர்ந்தால் மூடி விழுந்திருக்கிறது. அப்போது டேங்கைக் கீழே வைத்துவிட வேண்டும். பொதுவாகச் சூரியன் உதித்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் தரை சூடாகி இந்த மூடி கலையும். மாலையில் சூரியன் சாயும் நேரத்திலிருந்து மீண்டும் உருவாகத் தொடங்கும். மணிக்கு 5 முதல் 12 கிலோமீட்டர் வரை, ஒரே திசையில், பாதிக்கக்கூடிய பயிருக்கு எதிர்ப்பக்கமாக வீசும் காற்றுதான் களைக்கொல்லிக்கு ஏற்றது. காற்று இருக்க வேண்டும், ஆனால் எந்தப் பக்கம் போகிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதை அலட்சியப்படுத்தினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்கா உதாரணம். 2017-ல் டைகாம்பா என்ற களைக்கொல்லி, அதைத் தாங்கும் மரபணு மாற்று சோயாவுக்கும் பருத்திக்கும் பெருமளவில் தெளிக்கப்பட்டது. அந்த ஒரே பருவத்தில், அதைத் தாங்காத சாதாரண சோயா சுமார் 36 லட்சம் ஏக்கரில் பாதிக்கப்பட்டதாக மிசோரி பல்கலைக்கழகம் தொகுத்த கணக்கு சொல்கிறது. துளிகள் பறந்தது, படிந்த மருந்து மறுபடி ஆவியாகி எழும்பியது, குளிர்காற்று மூடியில் சிக்கி மிதந்தது என மூன்றும் சேர்ந்த வினை அது. 2,4-டியிலும் இந்த ஆவி விஷயம் உண்டு. எத்தில் எஸ்டர் வடிவம் எளிதில் ஆவியாகும். சோடியம் உப்பு, அமைன் உப்பு வடிவங்கள் அந்த அளவுக்கு ஆவியாகாது. கடையில் 2,4-டி என்று மட்டும் கேட்டு வாங்காமல், லேபிளில் எந்த வடிவம் என்று பார்ப்பது அவசியம்.

முதல் பலி அடிப்பவர்தான்

மேகம் முதலில் போய்ச் சேருவது பக்கத்து வயலுக்கு அல்ல, தெளிப்பவரின் முகத்துக்கு. 10 மைக்ரானுக்குக் கீழான துளிகள் மூக்கின் தடுப்பைத் தாண்டி நுரையீரல் வரை போகக்கூடியவை. 2017-ல் மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்குப் பூச்சிக்கொல்லி அடித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அந்த வருடம் பருத்தி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்திருந்ததும், பாதுகாப்புக் கவசம் இல்லாமல் அடித்ததும் காரணங்களாகப் பேசப்பட்டன. தலைக்கு மேல் நாசிலைப் பிடித்து, பவர் ஸ்பிரேயரில் பொடித் துளியாக அடித்துக்கொண்டு, அந்த மூட்டத்துக்குள்ளேயே முன்னோக்கி நடப்பது எவ்வளவு ஆபத்து என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது இந்த அளவுத் துளிகளைத் தடுக்காது.

பட்டு வளர்ப்பவர்களுக்கு இது இன்னொரு விதமான தலைவலி. 2018-ல் படைப்புழு இந்தியாவுக்குள் வந்த பிறகு மக்காச்சோளத்தில் பூச்சிக்கொல்லித் தெளிப்பு கூடிவிட்டது. உடுமலைப்பேட்டை பக்கம் மல்பெரித் தோட்டங்களும் மக்காச்சோளமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மக்காச்சோளத்தில் புழுவைக் கொல்லும் மருந்து, மல்பெரி இலையில் படிந்தால் பட்டுப்புழுவையும் கொல்லும். மருந்துக்கு இரண்டும் புழுதான்.

ட்ரோன் வந்த பிறகு இந்தக் கணக்குகள் எல்லாம் மறுபடி முக்கியமாகிவிட்டன. 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் வழங்கும் திட்டத்துக்கு 2023 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. கையால் அடித்தால் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் தேவைப்படும் இடத்தில், ட்ரோன் சுமார் 10 லிட்டரில் முடித்துவிடுகிறது. குறைந்த தண்ணீரில் பரவலாக நனைக்க வேண்டும் என்றால் துளி பொடியாகத்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு துளியிலும் மருந்தின் வீரியமும் அதிகம். தாழ்வாக, நிதானமாகப் பறந்தால் விசிறிகள் கீழ்நோக்கித் தள்ளும் காற்று துளிகளைப் பயிருக்குள் இறக்கிவிடும். உயரமாகவும் வேகமாகவும் பறந்தால் அந்தக் காற்று பின்னால் சாய்ந்து வலுவிழந்துவிடும். விசிறி ஓரத்துச் சுழலில் சிக்கும் துளிகள் மேலே தூக்கி எறியப்படும். சாயங்காலத்துக்குள் இத்தனை ஏக்கர் என்று பேசி, அவசரமாக ஓட்டும் இடங்களில் கவனம் வேண்டும். பருத்தி, மல்பெரி, திராட்சை, தக்காளி அருகில் இருந்தால் ட்ரோனில் களைக்கொல்லி அடிக்காமல் இருப்பதே நல்லது.

சொட்டு நீலம் சொல்லும் உண்மை

தன் தெளிப்பான் எவ்வளவு தூரம் பறக்கவிடுகிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், மருந்து கலக்காத வெறும் தண்ணீரில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கெட்டியாகக் கலந்துகொள்ளலாம். காற்று போகும் பக்கத்தில் 2, 5, 10, 20 மீட்டரில் வெள்ளைத் தாள்களை அட்டையில் குத்தித் தரையில் வைத்துவிட்டு, வழக்கம்போல அடித்துப் பார்க்கலாம். 5 மீட்டரில் தெளிவான புள்ளிகள் தெரிந்தால் அழுத்தம் அதிகம் அல்லது நாசில் உயரம் அதிகம். அதே இடத்தில் நாசிலை மாற்றி இன்னொரு தடவை அடித்தால் வித்தியாசம் தாளிலேயே தெரியும். கண்ணுக்குத் தெரியாத பொடித் துளிகள் அதற்கும் அப்பால் போயிருக்கும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

களைக்கொல்லிக்குக் கூம்பு நாசில் கூடாது. அது பூச்சி, நோய் மருந்துக்கானது. துளி பொடியாக வரும். தட்டை விசிறி நாசில் அல்லது ஃபிளட் ஜெட் நாசில்தான் களைக்கொல்லிக்கு. காற்றை உறிஞ்சிக் கலந்து பெரிய துளியாகத் தரும் நாசில்களும் கிடைக்கின்றன. விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் பறப்பது வெகுவாகக் குறையும். தேய்ந்த நாசிலைப் பின்னூசியால் குத்திப் பெரிதாக்கி ஓட்டுபவர்கள் நிறையப் பேர். அதில் துளியின் அளவு எப்படி வரும் என்று யாருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் விட மலிவான வழி, அழுத்தத்தைக் குறைத்து, நாசிலைக் களைக்கு ஒன்றரை அடி உயரத்துக்குள் பிடித்து நடப்பது.

வேலி ஓரத்தில் சவுக்கு இருந்தால் அது நல்ல வடிகட்டி. அகன்ற இலையை நெருங்கும் பொடித் துளி, காற்றோடு சேர்ந்து இலையைச் சுற்றி வழுக்கிப் போய்விடும். ஊசி போன்ற மெல்லிய இலையில்தான் அது மோதி ஒட்டிக்கொள்ளும். சுவரைவிட, காற்று ஊடுருவிப் போகும் உயிர்வேலி சிறந்தது. சுவர் காற்றைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுவிடும்.

இன்னொரு சந்தேகத்தையும் கேட்டவர் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பருத்திக்குப் பூச்சி மருந்து அடித்த தெளிப்பான் யாருடையது? 2,4-டி அடித்த டேங்கை லேசாக அலசிவிட்டு அதிலேயே பருத்திக்கு அடித்தாலும் இதே அறிகுறி வரும். அப்படி வந்திருந்தால் பாதிப்பு, அடித்த வரிசைகள் முழுக்க ஒரே சீராக இருக்கும். காற்றில் வந்தது என்றால் ஒரு பக்கம் அதிகமாகவும், போகப் போகக் குறைவாகவும் இருக்கும். ஓடைப் பக்கம் அதிகம் என்று அவர் எழுதியிருப்பதால், இங்கே டேங்க் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் களைக்கொல்லிக்கென்று ஒரு தெளிப்பானைத் தனியாக வைத்துக்கொள்வதே நல்லது.

செடியைப் பிடுங்கலாமா என்பது அவரது கடைசிக் கேள்வி. இப்போது வேண்டாம். உருமாறிய இலைகள் மறுபடி சரியாகாது. ஆனால் நுனிக்கொழுந்து உயிரோடு இருந்தால், சில வாரங்களில் புதிதாக வரும் இலைகள் அகலமாக, வழக்கமான வடிவில் வரத் தொடங்கும். அப்படி வந்தால் செடி தேறும். சப்பைகள் உதிர்வதால் முதல் பறிப்பு தள்ளிப்போகும், மகசூலும் குறையலாம். ஓடையோர வரிசைகளில் கொழுந்தே கருகிப் போயிருந்தால் அந்தப் பகுதியை மட்டும் அழித்துவிட்டு, ஈரம் இருக்கும்போதே வேறு குறுகிய காலப் பயிருக்குப் போகலாம். இனி பூச்சி மருந்து எதுவும் அடித்துக் காசை விரயமாக்க வேண்டாம். மேட்டிலிருந்து ஓடை வரை பத்து வரிசைக்கு ஒன்றாக, தேதி தெரியும்படி போட்டோ எடுத்து, வட்டார வேளாண் அலுவலரை நேரில் வந்து பார்க்கச் சொல்ல வேண்டும். அவர் வரும் அன்று பங்காளியையும் வயலுக்கு அழைப்பது நல்லது. விடியற்காலை 6 மணிக்கு வரச் சொல்லி, அவருடைய மக்காச்சோள வரப்பில் ஒரு கை வைக்கோலைக் கொளுத்தினால், புகை எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதை இருவரும் சேர்ந்தே பார்த்துக்கொள்ளலாம்.